பந்து மேலே போனால் போதுமா?

இதய ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரலை மீட்கும் வேலை யாருடையது?

பைபாஸ் ஆகி வீடு திரும்பியவரைப் பார்க்கப் போனால், கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் மாத்திரை டப்பா, பிளாஸ்க், ஆரஞ்சுப் பழங்களுக்கு நடுவே அந்தப் பொருளும் உட்கார்ந்திருக்கும். மூன்று பிளாஸ்டிக் குழல்கள், குழலுக்கு ஒரு பந்து, பக்கவாட்டில் ஒரு நெளிகுழாய். ஆஸ்பத்திரி பில்லில் அதன் பெயர் 'இன்சென்டிவ் ஸ்பைரோமீட்டர்'. வீட்டில் 'மூணு பந்து மெஷின்'. பார்க்க வருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "தினம் ஊதுறீங்களா?" நோயாளி அலுத்துக்கொள்வார்: "ஊதிக்கிட்டேதான் இருக்கேன், பந்து ஏற மாட்டேங்குதே!" ஏறாது. அது ஊதுகிற கருவி இல்லை, உறிஞ்சுகிற கருவி.

உறிஞ்சத் தெரிந்துகொண்டவர்களாவது சரியாகச் செய்கிறார்களா என்றால், அங்கே அடுத்த தப்பு காத்திருக்கிறது. குழல்களில் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். நொடிக்கு அத்தனை மில்லிலிட்டர் வேகத்தில் காற்றை இழுத்தால் அந்தந்தப் பந்து எழும் என்று அர்த்தம். அது வேகக் கணக்கு. எவ்வளவு காற்று உள்ளே போனது என்பதை அது சொல்லாது. வெடுக்கென்று அரை நொடி இழுத்து மூன்று பந்தையும் உச்சிக்கு ஏற்றிவிட்டுப் பேரனிடம் பெருமையாகக் காட்டுகிறவரின் நுரையீரலுக்குள் போயிருப்பது சுமார் 600 மில்லிலிட்டர். முதல் பந்தை மட்டும் நிதானமாக ஏற்றி மூன்று நொடி மேலேயே நிறுத்தியவருக்கு 1,800 மில்லிலிட்டர். பந்துக் கணக்கில் தோற்றவர் காற்றுக் கணக்கில் மூன்று மடங்கு ஜெயித்திருக்கிறார். கருவியைச் சற்றே சாய்த்துப் பிடித்துப் பந்தைச் சுலபமாக ஏற்றிக்கொள்ளும் கில்லாடிகளும் வார்டுக்கு நாலு பேர் இருப்பார்கள்.

இதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். லட்சங்களில் செலவாகும் ஒரு சிகிச்சையில் அந்த ஐந்து நிமிடம்தான் பல பேருக்குக் கிடைப்பதில்லை. பொருள் கைக்கு வந்துவிடுகிறது. சொல்லித்தரும் ஆள் வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. 'பிசியோ' என்று வார்டில் சுருக்கமாக அழைக்கப்படும் இயன்முறை சிகிச்சையாளரின் வேலை என்ன, அது ஏன் ஒரு பிளாஸ்டிக் பொருளாகச் சுருங்கிப் போனது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

வெட்டியது நெஞ்சை, மடங்கியது நுரையீரல்

ஆபரேஷன் இதயத்துக்கு, பயிற்சி எதற்கு நுரையீரலுக்கு? நியாயமான கேள்விதான்.

மயக்க மருந்து ஏறிய சில நிமிடங்களிலேயே விவகாரம் தொடங்கிவிடுகிறது. தசைகள் தளர்கின்றன. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் மேலேறிக்கொள்கிறது. மல்லாந்து கிடப்பவரின் நுரையீரலில் முதுகுப் பக்கமாக இருக்கும் பகுதிகள் நசுங்கிக் காற்றை இழக்கின்றன. எந்த ஆபரேஷனானாலும், பொது மயக்கம் கொடுக்கப்படும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு இது நடக்கிறது. சின்ன ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

இதய ஆபரேஷன் அப்படி விடாது. மார்பெலும்பை ரம்பத்தால் நெடுக அறுத்துத் திறக்கிறார்கள். பைபாஸுக்காக மார்பின் உட்சுவரில் ஓடும் இடப்பக்கத் தமனியைப் பிரித்தெடுக்கும்போது, இடது நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறை பெரும்பாலும் திறந்துகொள்ளும். பிற்பாடு அங்கே நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. இதய-நுரையீரல் இயந்திரம் ஓடும் நேரத்தில் நுரையீரலுக்கு வேலை இல்லை. காற்றிறங்கி, மடங்கிக் கிடக்கும். அந்த நேரம் முழுக்க ரத்தம் பிளாஸ்டிக் குழாய்கள் வழியாகச் சுற்றி வருவதால் உடம்பு முழுவதும் ஓர் அழற்சி கிளம்புகிறது. நுரையீரலின் நுண்குழாய்கள் கசிந்து, உள்ளே ஈரம் கூடுகிறது. இதயத்தைக் குளிர்விக்க ஐஸ் தூள் பயன்படுத்தும்போது, இதய உறையை ஒட்டிக் கீழிறங்கும் நரம்பு விறைத்துப் போகக்கூடும். உதரவிதானத்தை அசைக்கும் நரம்பு அது. இயந்திரம் இல்லாமல் துடிக்கும் இதயத்திலேயே தையல் போடும் முறை நம் நாட்டில் பரவலாக உண்டு. அதில் இந்தச் சேதங்களில் சில குறையும். அறுத்த எலும்பும் வலியும் குறையாது.

இத்தனையும் சேர்ந்து அதிகம் அடி வாங்குவது இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி. ஆபரேஷனுக்கு மறுநாள் எக்ஸ்ரேயில் அங்கே வெண்மை தெரிவது இதய ஐ.சி.யூ. டாக்டர்களுக்குப் பழகிப்போன காட்சி. முதல் சில நாள்கள் ஒருவர் முழு மூச்சாக உள்ளிழுத்து வெளிவிடக்கூடிய காற்றின் அளவு பழையதில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று பெருமூச்சு. கவலை வந்தால்தான் பெருமூச்சு வரும் என்று நினைக்கிறோம். ஆரோக்கியமான மனிதர் தம்மை அறியாமலே மணிக்குப் பன்னிரண்டு முறை அளவில் பெருமூச்சு விடுகிறார். ஒட்டிக்கொள்ளத் தொடங்கும் காற்றுச் சிற்றறைகளை விரித்துவிட உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. மயக்கமும் மார்ஃபின் வகை வலி மருந்துகளும் அந்தப் பெருமூச்சை அடக்கிவிடுகின்றன. நெஞ்சில் தையல், விலா நடுவே டிரெயின் குழாய், ஆழமாக இழுத்தாலே சுளீர் என்று வலி. நோயாளி மேலோட்டமாக, ஒரே அளவாக, வேகவேகமாக மூச்சு விடக் கற்றுக்கொள்கிறார். சிற்றறைகள் ஒட்டுகின்றன. ஒருமுறை ஒட்டியதைத் திறக்கக் கூடுதல் அழுத்தம் வேண்டும். திறக்காத இடத்தில் சளி தேங்கும். தேங்கிய சளியில் கிருமி குடியேறும். அடுத்தது நிமோனியா, மறுபடியும் வென்டிலேட்டர். கைதேர்ந்த சர்ஜன் கச்சிதமாகப் போட்ட தையலுக்கு இதில் ஒரு குறையும் இருக்காது. 'இதயம் பிரமாதமா வேலை செய்யுது, ஆனா ஆக்ஸிஜன் எடுக்க முடியல' என்று ஐ.சி.யூ. வாசலில் சொல்லப்படும் வாக்கியம் பிறக்கும் இடம் இதுதான்.

படுக்கையை எதிர்த்த நாற்காலி

ஆபரேஷனுக்குப் பின் நுரையீரல் மடங்குவதை மருத்துவ உலகம் நூறு வருடத்துக்கு முன்பே கண்டுகொண்டது. லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் பாஸ்டர் என்ற மருத்துவர் வயிற்று ஆபரேஷன் நோயாளிகளைக் கவனித்து 1910இல் இதைப் பற்றி எழுதினார். 1930களில் அதே ஊரில் பிராம்ப்டன் ஆஸ்பத்திரியில் வினிஃப்ரெட் லின்டன் என்ற இயன்முறை சிகிச்சையாளர், நெஞ்சு ஆபரேஷன் ஆனவர்களுக்கு நெஞ்சின் குறிப்பிட்ட பகுதியில் கைவைத்து அந்த இடத்தை விரிக்கச் சொல்லும் மூச்சுப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கும் நம் ஊர் பிசியோ விலாவில் உள்ளங்கையைப் பதித்து, 'என் கையைத் தள்ளுங்க பார்ப்போம்' என்கிறாரே, அந்தக் கைக்கு வயது தொண்ணூறு.

ஆனால் இதய நோயாளி என்றால் வேறு நியாயம். மாரடைப்பு வந்தவர் வாரக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதே அன்றைய விதி. பாஸ்டன் நகரின் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லௌனும் அதை உடைத்தார்கள். மாரடைப்பு நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பிச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, 81 பேரின் அனுபவத்தை 1952இல் வெளியிட்டார்கள். கெடுதல் நேரவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு, 1953 மே மாதம், பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து முதல் வெற்றிகரமான ஆபரேஷனைச் செய்தார். நாற்காலியும் இயந்திரமும் ஓராண்டு இடைவெளியில் வந்தன. இயந்திரத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள்.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் 1975இல் நம் பெரம்பூரில்தான், தெற்கு ரயில்வே தலைமை மருத்துவமனையில், டாக்டர் கே.எம். செரியனின் கையால் நடந்தது. அரை நூற்றாண்டில் அது மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கூலித் தொழிலாளிக்கும் எட்டுகிறது. கத்தி பரவிய வேகத்தில் நாற்காலி பரவவில்லை என்பது என் ஆதங்கம்.

நிமிர்ந்து உட்கார்வது அப்படி என்ன பெரிய வைத்தியம்? மல்லாந்து படுத்திருக்கும்போது வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. அதே ஆள் எழுந்து நின்றால், மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் மிச்சம் நிற்கும் காற்று அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கூடுகிறது. மருந்தும் கருவியும் இல்லாமல் கிடைக்கும் லாபம் அது.

முதல் நாள் காலை

தொண்டையில் இருந்த டியூபை எடுத்தாயிற்று. மறுநாள் காலை பிசியோ வருகிறார். வார்டுக்கு வார்டு ஏறக்குறைய இதே பேச்சுதான்.

"ஐயா, கால் ரெண்டையும் கீழே தொங்கப் போடுங்க. தலை சுத்துதா?"

"சுத்தலம்மா. ஆனா எழுந்தா தையல் பிரிஞ்சுடும்."

"பிரியாதுங்கய்யா. கையை ஊணாதீங்க. இந்தத் தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்கோங்க. நான் மூணு எண்ணினதும் முன்னாடி சாஞ்சு, கால் பலத்துல எழுந்திரிங்க."

எழுந்து நாற்காலியில் அமர்ந்ததுமே பாதி வேலை முடிந்தது. பிறகு மூச்சு. மூக்கு வழியாக நிதானமாக, விலா விரியுமளவு இழுக்க வேண்டும். இழுத்ததை மூன்று நொடி உள்ளே நிறுத்த வேண்டும். திறந்திருக்கும் சிற்றறைகளிலிருந்து பக்கத்தில் மூடிக் கிடப்பவற்றுக்கு நுண்துளைகள் வழியாகக் காற்று கசிந்து போக அந்த மூன்று நொடிதான் அவகாசம். பின் வாயைக் குவித்து மெல்ல விட வேண்டும். நாலைந்து மூச்சு, சற்று ஓய்வு, மறுபடி நாலைந்து. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்து என்பது பொதுவான கணக்கு. ஒரே மூச்சில் ஐம்பது செய்து முடித்துவிட்டு 'இன்னிக்குக் கோட்டா ஓவர்' என்று படுத்துக்கொள்வதில் பயனில்லை. ஒட்டுவது மணிக்கு மணி நடக்கிறது; திறப்பதும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

அதன்பின் சளி. இருமல் என்றாலே நோயாளிக்குக் கிலி. ஒழுங்கான இருமலுக்கு முதலில் நெஞ்சு நிறையக் காற்று வேண்டும், தொண்டை மூடி அழுத்தம் சேர வேண்டும், சட்டென்று திறக்க வேண்டும். வலிக்குப் பயந்து காற்றே இழுக்காதவர் இருமுவது தொண்டைச் செருமலாகத்தான் முடியும். சளி அடியிலேயே கிடக்கும். இதற்குப் பிசியோக்கள் வைத்திருக்கும் மாற்று வழி 'ஹஃப்'. மூக்குக் கண்ணாடியைத் துடைக்குமுன் அதன்மேல் ஆவி படிய 'ஹா' என்று விடுவோமே, அந்த 'ஹா'வையே வயிற்றை எக்கி, நீளமாக, தொண்டையை மூடாமல் விடுவது. சளி படிப்படியாக மேலேறி வரும். கடைசியில் தலையணையையோ சுருட்டிய துண்டையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒன்றிரண்டு இருமல் போதும். முதுகில் தட்டித்தட்டிச் சளி எடுப்பது ஒரு காலத்தில் எல்லாருக்கும் செய்த வழக்கம்; நெஞ்செலும்பு அறுபட்டவருக்கு இப்போது அதைத் தேவைப்பட்டால் மட்டுமே செய்கிறார்கள்.

இதெல்லாம் வலி அடங்கினால்தான் நடக்கும். வலி மாத்திரையைத் தவிர்ப்பதை ஒரு வீரமாக நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம். 'கிட்னிக்குக் கெடுதல்' என்று மறைத்து வைக்கும் மகன்களும் உண்டு. எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை டாக்டர் சிறுநீரகத்தையும் பார்த்துத்தான் எழுதுகிறார். பயிற்சிக்கு அரைமணி முன்பு மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும் என்று நேரத்தைப் பொருத்துவது நர்ஸும் பிசியோவும் பேசிவைத்துச் செய்ய வேண்டிய காரியம். இருவரும் பேசிக்கொள்ளாத வார்டில் பயிற்சி வலியில் முடியும். மறுநாள் நோயாளி பிசியோவைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வார்.

இரண்டாம் நாள் வாக்கில் டிரெயின் குழாய்கள் போய்விட்டால் கட்டிலைச் சுற்றி நடை. அடுத்து வராந்தா. வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு மாடிப் படிக்கட்டு ஏறி இறங்கவைத்துப் பார்ப்பது நல்ல ஆஸ்பத்திரிகளின் பழக்கம். நடக்கும்போது ஆழ்ந்த மூச்சு கேட்காமலே வருகிறது. காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தால் அந்தக் கால் வீக்கத்துக்கும் அதுவே மருந்து.

பாசத்தால் வரும் தடை

பிசியோ வருவது நாளைக்கு ஒருமுறையோ இருமுறையோ. மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் இருப்பது குடும்பம். நம் குடும்பங்களின் பாசம் பெரும்பாலும் ஒரே சொல்லில் வெளிப்படும்: 'அசையாதீங்க.' தண்ணீர் கேட்டால் வாயில் ஊற்றுவார்கள், எழ முயன்றால் தோளைப் பிடித்துப் படுக்கவைப்பார்கள், இருமினால் பதறுவார்கள். ஊரிலிருந்து வருகிற பெரியப்பா, 'நெஞ்சைப் பொளந்து தச்சிருக்கு, விளையாட்டா?' என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போவார். பிசியோ சொன்ன பத்து வார்த்தை அத்தோடு காலி.

அந்தத் தையல் நூலால் போட்டதல்ல. எலும்பின் இரு பாதிகளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளால் முறுக்கிக் கட்டுகிறார்கள். ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும். எக்ஸ்ரேயில் நடு நெஞ்சில் வரிசையாகத் தெரியும். இருமலால் அது பிரிவது அபூர்வம். பிரிகிற இடங்களில் பெரும்பாலும் கட்டுக்கடங்காத சர்க்கரை, உடல் பருமன், புகைப்பழக்கம், புண்ணில் கிருமி என்று வேறு காரணம் இருக்கும். டல்லாஸ் நகரில் ஓர் ஆய்வுக் குழு அளந்து பார்த்து 2008இல் எழுதியது: நோயாளி தூக்கவே கூடாது என்று தடைசெய்யப்படும் எடைகளைத் தூக்குவதைவிட ஓர் இருமல் எலும்பை அதிகமாக இழுக்கிறது. இருமலைத் தாங்கும் எலும்பு எழுந்து உட்கார்வதைத் தாங்காதா? ஆகவே இப்போது சில நாடுகளில், முழுத் தடைக்குப் பதிலாக முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்யச் சொல்கிறார்கள். நம் ஊரில் இன்னும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கனம் தூக்காதீர்கள் என்றே சொல்வார்கள். அதைக் கேட்பதில் தவறில்லை: தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், கிரைண்டர் கல், பேரக்குழந்தை நான்கும் காத்திருக்கட்டும். தரையில் உட்கார்ந்து கையூன்றி எழுவதும், மலச்சிக்கலோடு முக்குவதும் அதே பட்டியலில் சேரும். மூச்சிழுப்பதும் நடப்பதும் சேராது.

நெஞ்சுக்குக் கட்டும் பெல்ட் விஷயத்திலும் ஒரு தவறு நடக்கிறது. 'பத்திரமா இருக்கட்டும்' என்று இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். விலா விரியவில்லை என்றால் ஆழ்ந்த மூச்சு எங்கிருந்து வரும்? இருமும்போது பிடிமானம் தருவதுதான் அதன் வேலை.

பெண் நோயாளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. மார்பகங்களின் கனம் தையலை இருபுறமும் இழுக்கும். கம்பி இல்லாத, முன்பக்கம் கொக்கி வைத்த, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை அணிந்தால் வலி குறையும், மூச்சும் சுலபமாகும். ஆண் மருத்துவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், அம்மாக்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். விறகடுப்பில் பல வருடம் சமைத்தவரானால், சிகரெட்டைத் தொடாமலே நுரையீரல் ஏற்கெனவே பழுதாகியிருக்கும். அதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்வது மகளோ மருமகளோ செய்ய வேண்டிய வேலை.

குழந்தைகள் கதை வேறு. பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் ஆன மூன்று வயதுப் பிள்ளையிடம் 'ஆழ்ந்து மூச்சிழு' என்று சொல்ல முடியாது. சோப்பு நுரைக் குமிழியும் காகிதக் காற்றாடியும் அங்கே கருவிகள். ஒவ்வொரு ஊதலுக்கும் முன்னால் பிள்ளை தானாக ஆழ்ந்து இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்புத்தான் நமக்கு வேண்டியது.

நிஜமாகவே பலன் உண்டா?

இதை நேர்மையாகக் கேட்டாக வேண்டும், ஏனென்றால் விடை சங்கடமானது. ஜெனீவாவைச் சேர்ந்த மூவர், இதய ஆபரேஷனுக்குப் பிந்தைய சுவாசப் பயிற்சிகள் பற்றிய 18 ஆய்வுகளை, மொத்தம் 1,457 நோயாளிகளை, அலசி 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். முடிவு: பலன் நிரூபணமாகவில்லை. பைபாஸுக்குப் பின் பந்துக் கருவி மட்டும் கொடுப்பதைப் பற்றிக் காக்ரேன் குழு செய்த தொகுப்பாய்வும் அதேபோலக் கையை விரித்தது. பந்துக் கருவி வகையறாவை 1970களில் பிரபலமாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க சர்ஜன் ராபர்ட் பார்ட்லெட். 2016 டிசம்பரில் தமிழ்நாடே உச்சரித்த 'எக்மோ' என்ற உயிர்காக்கும் கருவியின் முன்னோடியும் அவரேதான். பெரிய மூளைதான், ஆனால் கருவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் வேலை நடக்காது என்பதையே பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன.

அப்படியானால் பிசியோவே வேண்டாமா? ஆய்வுகளைக் கொஞ்சம் உள்ளே போய்ப் படித்தால் கதை மாறுகிறது. அந்த 18இல் பெரும்பாலானவை ஒரு பயிற்சியை இன்னொரு பயிற்சியோடு ஒப்பிட்டவை. பயிற்சியே இல்லாதவர்களோடு ஒப்பிட்டவை மிகக் குறைவு. ஸ்வீடனில் ஓரெப்ரூ நகரில் அப்படி ஒப்பிட்டார்கள். 90 பைபாஸ் நோயாளிகள். எல்லாரையும் சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் பகல் முழுக்க மணிக்கு 30 ஆழ்ந்த மூச்சு, அதுவும் தண்ணீர் பாட்டிலில் மூழ்கிய குழாய் வழியாக மெல்ல வெளிவிடும் முறையில். நான்காம் நாள் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது பயிற்சி செய்தவர்களின் நுரையீரலில் மடங்கிய பரப்பு மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். 2005இல் வெளியானது. அங்கே பயன்பட்ட கருவி ஒரு பாட்டில், ஒரு குழாய், பத்து சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர். கூடவே மணிக்கு மணி செய்யவைக்கும் ஆள். பாஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரி, பொது ஆபரேஷன் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி, இருமல், தலைமாட்டை உயர்த்துதல், நாளைக்குப் பலமுறை எழுப்பி உட்காரவைத்தல், இவற்றோடு பல் தேய்ப்பதையும் கட்டாயமாக்கியது. நிமோனியா 2.6 சதவிகிதத்திலிருந்து 1.6ஆகக் குறைந்தது. பல் தேய்ப்பதுகூட நுரையீரல் வைத்தியம்தான்; வாயில் வளரும் கிருமி கீழே இறங்க எவ்வளவு தூரம்?

காத்திருக்கும் இரண்டு வாரம்

என்னைக் கேட்டால், நாம் பயன்படுத்தாமல் விடும் பெரிய வாய்ப்பு ஆபரேஷனுக்கு முன்னால் இருக்கிறது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகர மருத்துவர்கள், நுரையீரல் சிக்கல் வரக்கூடும் என்று கணிக்கப்பட்ட 279 பைபாஸ் நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதியினருக்கு ஆபரேஷனுக்கு முன் குறைந்தது இரண்டு வாரம், தினம் இருபது நிமிடம், எதிர்ப்பு கொடுக்கும் வால்வு வழியாக மூச்சை இழுக்கும் பயிற்சி. மூச்சுத்தசைக்கு உடற்பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம். 2006இல் முடிவு வந்தது: வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 35 சதவிகிதம் பேருக்கு நுரையீரல் சிக்கல், பயிற்சி செய்தவர்களில் 18. நிமோனியா மட்டும் எடுத்தால் 16.1க்கு எதிராக 6.5.

நம் ஊரில் அவசரமில்லாத பைபாஸுக்கும் வால்வு ஆபரேஷனுக்கும் ஆள் காத்திருக்கத்தான் செய்கிறார். காப்பீட்டு ஒப்புதல், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருதல், ரத்தம் கொடுக்க ஆள், வால்வு என்றால் பல் டாக்டரின் சான்று என்று நாள் போகிறது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களின் நுரையீரலில் வருடக்கணக்காக ரத்தத் தேக்கம் இருக்கும், மூச்சுத்தசைகள் நோஞ்சானாகியிருக்கும். இந்தக் காத்திருப்பு அவர்களுக்கு இன்னும் பெறுமதியானது. ஓ.பி.யில் ஆபரேஷன் தேதி குறிக்கும் அன்றே பிசியோவிடம் ஒருமுறை அனுப்பி, இழுப்பது எப்படி, 'ஹஃப்' எப்படி, கையூன்றாமல் எழுவது எப்படி என்று வலியில்லாத உடம்பில் பழக்கிவிட்டால், ஐ.சி.யூ.வில் அரை மயக்கத்தில் முதல் பாடம் நடத்த வேண்டியிருக்காது. நெஞ்சுவலி அடிக்கடி வருபவர்களுக்கும் இடது பக்க முக்கியக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கும் எது பாதுகாப்பு என்பதை இதய டாக்டர் முடிவு செய்வார். பீடி, சிகரெட்டை அன்றைக்கே விட வேண்டும். நான்கு வாரம் கிடைத்தால் நுரையீரல் அதற்கு நன்றி காட்டும்.

வீட்டுக்கு வந்தபின்

'பிராணாயாமம் பண்ணலாமா?' இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. மெதுவாக இழுத்து மெதுவாக விடும் வகை நல்லதே, பிசியோ சொல்வதும் ஏறக்குறைய அதுதான். வயிற்றை வெட்டி வெட்டி மூச்சைத் தள்ளும் கபாலபாதியும், மூச்சை நீண்ட நேரம் அடக்கும் கும்பகமும் எலும்பு கூடும் வரை வேண்டாம். நெஞ்சுக்குள் அழுத்தமும் ரத்த அழுத்தமும் எகிறும். பலூன் ஊதுவதையும் தவிர்க்கலாம். முக்கி ஊதி நுரையீரலைக் காலி செய்வது நாம் தேடுவதற்கு நேர் எதிர்.

நடைக்கு அளவுகோல் சுலபமானது: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம்; பாட்டே பாட முடிந்தால் போதாது. ஐந்து நிமிடத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டி, ஆறாவது வாரத்தில் அரைமணிக்கு வருவது பெரும்பாலோருக்குச் சாத்தியம். காய்ச்சல், மஞ்சள் அல்லது பச்சைச் சளி, படுத்தால் மூச்சுத் திணறல், திடீரென்று ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, நெஞ்செலும்பில் 'டக் டக்' என்று உராயும் சத்தம் என்றால் அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்கக் கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீடு தேடிப் போகிறார்கள். பக்கவாதம், மூட்டுவலி என்றால் அவர்களைக் கேட்கத் தெரிகிறது. பைபாஸ் ஆனவர் வீட்டில் கேட்கத் தோன்றுவதில்லை. கேட்கலாம்.

ஆறாவது வார ரிவ்யூவில் ஈ.சி.ஜி., எக்கோ, தையல் பார்ப்பது எல்லாம் நடக்கும். மூச்சை யாரும் அளப்பதில்லை. நான்கு மாதம் கழித்தும் பலருக்கு நுரையீரலின் கொள்ளளவு முழுசாகத் திரும்பியிருக்காது என்று ஓரெப்ரூ குழுவே அளந்து சொல்லியிருக்கிறது. அதற்கு விலை உயர்ந்த பரிசோதனைதான் வேண்டும் என்றில்லை. ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று உண்டு: 30 மீட்டர் நீளத்துக்கு நேரான நடைவழி, இரு முனையிலும் ஓர் அடையாளம், ஒரு கடிகாரம், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். ஆபரேஷனுக்கு முன் எத்தனை மீட்டர், இப்போது எத்தனை மீட்டர் என்று எழுதிவைத்தால் போதும். நம் ஆஸ்பத்திரிகளில் 30 மீட்டர் வராந்தாவுக்குப் பஞ்சமில்லை, ஓ.பி. சீட்டுக் கொடுக்கத் தொடங்குமுன் போனால் காலியாகவும் இருக்கும்.